லே-ஆஃப் என்று அவன் படித்துச் சொன்னது

அன்று காலை கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றவர்கள் இவர்கள்.

எம். புதுப்பட்டியிலிருந்து வரும் புருஷன், பெண்டாட்டி. ஆனைக்குட்டத்து அக்காள் தங்கச்சி. எங்களில் மூத்தவர், வலது கையில் சுண்டுவிரல் இல்லாதவர். புருஷனை இழந்த ஒரு அக்கா; வாயில் வெற்றிலை இல்லாமல் நான் பார்த்ததில்லை. அச்சங்குளத்துக்காரன்; எதற்கெடுத்தாலும் நையாண்டி பேசுகிறவன். நாற்காலியில் வாட்ச்மேன். நான். அப்புறம் அவன்.

எங்கள் ஷெட்டுக்கான நோட்டீஸ் கேட்டில் ஒட்டியிருந்தது. இங்கிலீஷில் டைப் அடித்தது. அவன் அதற்கு முன்னால் நின்றான். நாங்கள் அவனுக்குப் பின்னால் நின்றோம்.

தீபாவளி முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். அறுபதுகளின் ஆரம்பம். வருஷம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் மூத்த மகள் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

வெடி செய்கிற கம்பெனியை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்பார்கள். அங்கே ஷெட்டுக்கு ஷெட் வேலை வேறு. எங்கள் ஷெட்டில் குழாய் சுருட்டுவது. மருந்து அடைப்பதற்கான காகிதக் குழாய். எங்கள் கையில் மருந்து படாது. காகிதமும் பசையும்தான். எட்டுப் பேர். அதற்கு முன் ஒன்பது. ஒன்பதாவது ஆள் அவன். அந்த ஆடியில்தான் அவனைக் கணக்கு ரூமுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எட்டு வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து சுருட்டினோம். சொந்தம் கிடையாது. பக்கத்துத் தெரு. அவன் என்னை மாப்ள என்பான். நான் அவனை மாப்ள என்பேன்.

என் அப்பா நிலத்துக்காரர் ஒருவரின் பண்ணையில் கிடந்தவர். தாத்தாவும் அப்படித்தான். அந்தக் களத்தில் எங்கள் ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப அந்தக் களத்துக்குப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நானாக எடுத்த முடிவு என்றால் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

குழாய் சுருட்ட ஒரு கட்டை வேண்டும். விரல் கனத்தில் உருளையாகக் கடைந்த மரக்கட்டை. அதன்மேல் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, பலகையால் ஒரு தள்ளு தள்ளினால் குழாய் இறுகும். கட்டையை உருவினால் குழாய் நிற்கும். கட்டை அவரவர் சொந்தக் கட்டை. கம்பெனி தராது. என்னுடையது வாகை மரம். எட்டு வருஷத்தில் என் உள்ளங்கைக்கு ஏற்ற மாதிரி ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்திருந்தது. அடுத்தவர் கட்டையை எடுத்தால் கை ஓடாது.

ஷெட் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். வேலை முடிந்ததும் கட்டையைத் துடைத்து, அதன் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். காய்ச்சல், பிரசவம், சாவு என்று ஒரு மாதம் வராமல் இருந்தாலும் ஆணியில் கட்டை தொங்கினால் அந்த ஆளுக்கு அங்கே இடம் இருக்கிறது என்று அர்த்தம். வேறு ஆள் அந்தப் பாயில் உட்காரமாட்டார். வேலையை விட்டுப் போகிறவர் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போவார். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. மேஸ்திரியும் அதை மதித்தார். நான் பார்த்த எட்டு வருஷத்தில் அது தப்பியதில்லை.

அவன் இங்கிலீஷ் படித்தது எங்கள் பாயில் உட்கார்ந்துதான்.

குழாய்க்கு வருகிற காகிதம் பழைய காகிதம். மெட்ராசிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். இங்கிலீஷ் பேப்பர், ஆபீஸ் கடுதாசி, பள்ளிக்கூடத்து நோட்டு. அவன் எட்டாம் வகுப்பு வரை போனவன். நான் மூன்று. ஒருநாள் மூட்டையில் அட்டையில்லாத அகராதி ஒன்று வந்தது. முன்னால் கொஞ்சம் பக்கம் கிழிந்து போயிருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனான். அதற்கப்புறம் காகிதத்தைச் சுருட்டுவதற்கு முன்னால் ஒரு வரி படிப்பான். படித்துவிட்டுத்தான் கட்டையை வைப்பான். அதனால் அவன் குழாய் எண்ணிக்கை குறையும். நான் சுருட்டியதில் கொஞ்சத்தை அவன் கூடையில் போடுவேன். சொல்லிக்கொண்டு போடவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஒரு வரி பிடித்துவிட்டால் எனக்குச் சொல்வான்.

"மாப்ள, கிவ்னா என்ன?"

"தெரியாது."

"குடுக்கிறது. அப்னா?"

"நீயே சொல்லு."

"மேல. ரெண்டையும் சேத்தா?"

"மேல குடுக்கிறது."

"அதுதான் இல்ல. கைவிடுறது."

"மேல குடுத்தா எப்படிலே கைவிடுறதாகும்?"

"இங்கிலீஷ்காரன் அப்படித்தான். ஒவ்வொரு சொல்லும் தனியா தெரிஞ்சிருந்தாலும் பிரயோசனமில்ல. சேந்தா வேற. தெரிஞ்சவன் சொல்லித் தந்தாத்தான் உண்டு."

வெற்றிலை அக்கா குறுக்கே பேசுவார். "நல்ல பாஷய்யா. நம்மள மாதிரி ஆளுக பேசினா குடும்பமே பிரிஞ்சிரும்."

லுக் என்றால் பார். ஆஃப்டர் என்றால் பிறகு. சேர்ந்தால் கவனித்துக்கொள். புட் என்றால் வை. ஆஃப் என்றால் அப்பால். சேர்ந்தால் ஒத்திப்போடு. இப்படி ஏழெட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இங்கிலீஷில் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அவன் இங்கிலீஷ் படிப்பது மேஸ்திரி காதுக்குப் போய், மேஸ்திரி மூலம் கணக்கு ரூமுக்குப் போனது. லோடு வந்தால் பில்லைப் படிக்க ஆள் வேண்டும். கூப்பிட்டுக்கொண்டார்கள். அவன் போன அன்று கட்டையை ஆணியிலிருந்து எடுத்து என்னிடம் தந்தான். "நீ வச்சுக்க மாப்ள" என்றான். என் ஆணியிலேயே இரண்டையும் மாட்டினேன்.

ஆகவே அந்த வேப்பமரத்தடியில் அவன் படித்தபோது எங்களுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

விரலை வரிமேல் வைத்து நகர்த்திக்கொண்டே படித்தான். முதலில் இங்கிலீஷில். அப்புறம் தமிழில். கந்தகம் கப்பலில் வரவில்லை. வருகிற வரைக்கும் வேலை இல்லை. அதனால் எல்லோருக்கும் லே-ஆஃப்.

"அப்படின்னா?" என்று மூத்தவர் கேட்டார்.

"லேன்னா வைக்கிறது. ஆஃப்னா தள்ளி. ரெண்டும் சேந்தா, வேல இல்லாதப்ப ஆளக் கொஞ்ச நாளைக்கி வீட்டுல இருக்கச் சொல்றது."

அச்சங்குளத்துக்காரன் சும்மா இருக்கவில்லை. "கம்பெனிக்காரன் நம்ம பேச்சப் படிச்சுக்கிட்டான் போல. என்னலே, ஏலேன்னு நாம கூப்பிடுறோம்ல. அவன் லே-ஆஃப்ங்கிறான்."

எல்லோரும் சிரித்தோம். வாட்ச்மேனும் சிரித்தார்.

மூத்தவர் சிரிக்கவில்லை. "வேலைய விட்டு எடுக்கிறதா, இல்லையா? அதச் சொல்லுங்க."

"எடுக்கிறது இல்ல பெரியவரே. அது வேற வார்த்த. இது நிறுத்தி வைக்கிறது. ஒங்க எடம் அப்படியே இருக்கும்."

"கட்டைய எடுத்துட்டுப் போகவா?" என்று நான் கேட்டேன்.

"எதுக்கு? ஆணியிலயே கெடக்கட்டும். சரக்கு வந்ததும் ஆள் விடுறேன். அதுவரைக்கும் இங்கன வந்து அலையாதீக."

அவன் விரல் பேப்பரில் பாதிக்கு மேலேயே நின்றிருந்தது. அதை நான் பார்த்தேன். கீழே இன்னும் நிறைய எழுத்து இருந்தது.

"கீள என்ன மாப்ள?"

"அது ஆபீஸ் சமாச்சாரம்."

கலைந்தோம்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எம்புட்டு நாளைக்கி?"

"சரக்கு வர்ற வரைக்கும்."

"யாரு சொன்னா?"

"மாப்ள."

"அவுக சொன்னா சரிதான்" என்றாள்.

அந்த வார்த்தை எங்கள் தெருவில் நாலே நாளில் பரவிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கினால் கிணறு லே-ஆஃப். பால் வற்றிய மாடு லே-ஆஃப். புருஷனோடு சண்டை போட்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்த பெண்ணைப் பார்த்து, "என்ன தாயி, லே-ஆஃபா?" என்று கேட்டார்கள். அவள், "ஆமா, எடம் அப்படியே இருக்கு, ஒருத்தியும் ஒக்கார முடியாது" என்றாள். அவளுக்கும் அர்த்தம் சரியாகத்தான் தெரிந்திருந்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ நிலத்துக்காரர் எங்கள் தெரு முனைக்கு வந்தார். நல்ல மழை பெய்து கரிசலில் பருத்தியோடு களையும் சேர்ந்து வளர்ந்திருந்தது. ஆள் கிடைக்காத சமயம். குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, மருந்துக் கம்பெனிய மூடிட்டாகளாம்ல?"

"மூடலங்கய்யா. லே-ஆஃப்."

"அப்படின்னா?"

சொன்னேன். லே என்றால் இது, ஆஃப் என்றால் இது, சேர்ந்தால் இது. அவன் சொன்ன மாதிரியே சொன்னேன். இடம் அப்படியே இருக்கும் என்பதையும் சொன்னேன். துண்டு தோளில்தான் இருந்தது.

அவர் என் துண்டைப் பார்த்தார். "ஒங்கப்பன் என் காட்டுல களை வெட்டியே செத்தான். மகன் இங்கிலீசு பேசுறான். சரி. நாளைக்கிக் காலைல பத்துப் பேரு வேணும். வருவியா, மாட்டியா?"

"வேலைக்கிக் கூப்பிட்டா ஒடனே போகணும்யா. இங்கன பாதியில விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது."

"ஆக வரமாட்ட."

"இல்லங்கய்யா."

தெருவில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். அன்று எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அதற்கு மூன்று நாள் கழித்து எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நடந்தேன். கண்மாய்க் கரையில் அவன் எதிரே சைக்கிளில் வந்தான். புதுச் சைக்கிள். கேரியரில் நீளமான ஒரு நோட்டு. என்னைக் கண்டதும் இறங்கினான்.

"எங்க மாப்ள?"

"கம்பெனிக்கித்தான். சும்மா."

"கேட்டே பூட்டிக் கெடக்கு. வாட்ச்மேன் மட்டுந்தான் இருக்காரு. அம்புட்டு தூரம் நடந்து எதுக்குச் செருப்பத் தேய்க்கிற?"

எனக்குச் செருப்பு கிடையாது. அது அவனுக்குத் தெரியும். கால் அவன் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

ஒரு பீடி தந்தான். பற்ற வைத்தோம். மகள் நடக்கிறாளா என்று கேட்டான். சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்றேன். "விட்டுட்டு நடப்பா, பாரு" என்றான். நான் திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

வெற்றிலை அக்கா அடுத்த வாரம் வந்தார். சிவகாசிச் சந்தைக்குப் போய்விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வாயில் வெற்றிலை இல்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

"தம்பி, நம்ம கம்பெனி வாசல்ல ஆளுக நிக்கிறாக."

"வேல ஆரம்பிச்சுட்டாகளா?"

"வேல இல்ல. ஒரு நோட்டுல ரேக வைக்கிறாக. ஆனைக்குட்டத்துப் பிள்ளைக ரெண்டும் வரிசையில நின்னுச்சு. என்னயப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிருச்சு. புதுப்பட்டிக்காரனும் பெண்டாட்டியும் நின்னாக. மத்த ஷெட்டு ஆளுகளும் இருந்தாக. தெனமும் வைக்கணுமாம்ல. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவன் ஒங்கிட்டயும் சொல்லலையா?"

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் அப்போது யாரும் இல்லை. ரேகை வைக்கிற நேரம் முடிந்துவிட்டது. வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் எனக்காக எழுந்ததே இல்லை.

"ஒம் பேர அடிச்சுட்டாகப்பா" என்றார். "ஒம் பேரு, பெரியவரு, அந்த வெத்தலக்காரம்மா, அச்சங்குளத்தான். நாலு பேரு. ஏழு நாள் வரலேன்னு."

"வரச் சொல்லலையே."

"எனக்கு எழுத்து தெரியாதுப்பா. கேட்டத் தொறக்கச் சொன்னா தொறப்பேன். சாத்தச் சொன்னா சாத்துவேன்."

நோட்டீஸ் இன்னும் கேட்டில்தான் இருந்தது. வெயிலில் மஞ்சளாகியிருந்தது. ஒட்டின காகிதத்தைக் கிழியாமல் எடுக்க எனக்குத் தெரியும். அந்த ஒரு வேலை எனக்குத் தெரியும். துண்டை வாட்ச்மேன் பானைத் தண்ணீரில் நனைத்துக் காகிதத்தின் மேல் ஒற்றினேன். பசை இளகட்டும் என்று நின்றேன். மேல் மூலையிலிருந்து மெதுவாக உரித்தேன். முழுசாக வந்தது. வாட்ச்மேன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ரயிலேறி விருதுநகர் போனேன். தபாலாபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். அவரிடம் காகிதத்தைக் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தனக்குள் படித்தார்.

"இத ஒமக்கு யாரும் படிச்சுச் சொல்லலையா?"

"பாதி சொன்னாக."

"எதுவரைக்கும்?"

விரலை வைத்துக் காட்டினேன். அவன் விரல் நின்ற இடம் எனக்கு நினைவிருந்தது.

அவர் அதற்குக் கீழே படித்தார். தொழிலாளர் ஒவ்வொருவரும் தினமும் காலை பத்து மணிக்குக் கேட்டுக்கு வந்து கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். வந்தவருக்கு அன்றைக்கு அரைக் கூலி. சேர்ந்தாற்போல ஏழு நாள் வராதவர் தானாக வேலையை விட்டதாகக் கருதிப் பெயர் நீக்கப்படும்.

"நீக்கப்படும்ங்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்குய்யா?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.

"ஸ்ட்ரைக் ஆஃப். ஸ்ட்ரக் ஆஃப்னு போட்டிருக்கு. ஸ்ட்ரைக்னா அடிக்கிறது."

"ஆஃப் அதுலயும் இருக்கே."

"இருக்கும். ஆஃப் தனியா ஒண்ணும் பண்ணாது. முன்னால எது வருதோ அதோட சேந்துக்கிடும். லே வந்தா திரும்பக் கூப்பிடுவான். ஸ்ட்ரைக் வந்தா கூப்பிடமாட்டான்."

கடைசியில் ஒரு வரி இருந்தது. அதையும் படித்தார். மேற்கண்டவை முழுவதும் தமிழில் படித்துக் காட்டப்பட்டு இந்த ஷெட்டின் தொழிலாளர் அனைவருக்கும் விளக்கப்பட்டது. அதற்குக் கீழே அவன் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தெரியும். எங்கள் பாயின் ஓரத்தில் பசைக்குச்சியால் அதை எழுதி எழுதிப் பழகினவன் அவன்.

"கேஸ் போடலாமாய்யா?"

"சங்கத்துல இருக்கீகளா?"

"இல்ல."

"எத்தன பேரு நின்னீக?"

"எட்டு."

"எட்டுப் பேரும் சொல்லலேன்னு சாட்சி சொல்வாகளா?"

விரல் விட்டு எண்ணினேன். "நாலு பேரு சொல்லமாட்டாக."

காகிதத்தை மடித்து என்னிடம் தந்தார். கூலி கேட்கவில்லை.

வரும் வழியில் ஆனைக்குட்டத்து அக்காள் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மூத்தவள் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. இளையவள் வாசலுக்கு வந்து அழுதாள்.

"அண்ணே, எங்களயத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாகண்ணே. அவுக எங்களுக்கு அத்த மகன் மொற ஆகணும். வெளிய சொன்னா எங்க பேரும் போயிரும்னு சொன்னாக."

"புதுப்பட்டிக்காரக?"

"அவுகளும் அவரு பெண்டாட்டி வழிச் சொந்தம்ணே."

அழாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளை நான் கோபித்ததில்லை. மற்ற ஷெட்டுகளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யாரையும் விசாரிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். கணக்கு ரூமுக்குப் போனதும் சிவகாசியில் வீடு வாடகைக்கு எடுத்திருந்தான். ஓட்டு வீடு. அவன் மனைவி, "வாங்கண்ணே, பிள்ளயக் கூட்டிட்டு வரலையா?" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது என்று முகத்தில் தெரிந்தது. காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

அவன் பின்கட்டிலிருந்து வந்தான். "வா மாப்ள."

காகிதத்தைப் பாயில் விரித்தேன். நான்கு மூலையையும் நீவிவிட்டேன்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "யாரு படிச்சுச் சொன்னா?"

"விருதுநகர்ல."

"பூராவுமா?"

"பூராவும்."

மனைவியைக் கடைக்கு அனுப்பினான். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"எட்டு நாலாகணும்னு சொல்லிட்டாக, மாப்ள. சரக்கு வந்தாலும் இனி நாலு பேருக்குத்தான் வேல. வெளிய அனுப்பினா சட்டப்படி நஷ்டஈடு அது இதுன்னு வரும். அவுகளா வரலேன்னா ஒண்ணுமில்ல. நாலு பேரு யாருன்னு நீயே பாத்துக்கன்னு என் தலையில கட்டிட்டாக. நானா கேட்டேன்? என்னயும் இன்னும் நெரந்தரம் பண்ணல."

"சரி. அதுல நான் எதுக்கு?"

அவன் காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

"சொந்தக்காரகள விடமுடியாது. அது எனக்குப் புரியுது. அவுக போக நாலு பேரு. அதுல நான் இருந்தேன். எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்ல. நானே கட்டைய எடுத்துட்டுப் போயிருப்பேன்."

"நீ போயிருப்ப. மத்த மூணு பேரு?"

"அவுகளுக்கு என்ன?"

"நீ வீட்டுல இருக்கிறதப் பாத்துத்தான் அவுக வீட்டுல இருந்தாக, மாப்ள. நீ ஒரு நா கேட்டுக்கு வந்திருந்தா எல்லாரும் வந்திருப்பாக. பெரியவரு நான் சொன்னத நம்பல. நேரா ஒங்கிட்ட வந்து கேட்டாருல்ல?"

கேட்டிருந்தார். இரண்டாம் நாள் வந்து கேட்டார். மாப்ள சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நான்தான் அவரைத் திருப்பி அனுப்பினேன். அதை அவன் சொல்லும்வரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவரைத் திருப்பி அனுப்பியதை அவனிடம் நானே கண்மாய்க் கரையில் பீடி குடிக்கும்போது சொல்லியிருந்தேன்.

"நான் சொன்னா நீ கேப்ப" என்றான். "அது எனக்குத் தெரியும்."

காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"என் கட்ட எங்க?"

"அது…"

"ஆணியில இருக்கா?"

"பசை காய்ச்சுற அடுப்புல போட்டுட்டாக. நாலு பேரு கட்டையும். நான் போடல, மாப்ள. மேஸ்திரி போடச் சொன்னாரு."

என் ஆணியில் இரண்டு கட்டை தொங்கியது. ஒன்று அவனுடையது. அதுவும் சேர்ந்து எரிந்திருக்கும். அதை அவனிடம் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"மாப்ள" என்றான்.

வெளியே வந்தேன். அவன் மனைவி கடையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். "அதுக்குள்ளயா கெளம்பிட்டீக?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மூத்தவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். சுண்டுவிரல் இல்லாத கையால் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். திட்டுவார் என்று நின்றேன். "நீ என்ன பண்ணுவ, ஒனக்கும் எளுத்து தெரியாதுல்ல" என்றார். திட்டியிருக்கலாம்.

அந்தத் தை மாதம் வேறு வழியில்லை. வீட்டில் தானியம் இல்லை. நிலத்துக்காரர் களத்துக்குப் போனேன். கம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"என்னலே, ஒன் இங்கிலீசு என்ன சொல்லுது?"

களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர்களைப் பார்ப்பார்.

"எடம் அப்படியே இருக்கும்னியே. இருக்கா?"

"இல்லங்கய்யா."

"சத்தமாச் சொல்லு."

"இல்லங்கய்யா."

துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். என் மகளைத் தூக்கிக்கொண்டு என் மனைவி களத்து ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு அறுப்பு முடியும்வரை அங்கே இருந்தேன். அப்புறம் விருதுநகரில் வத்தல் கோடவுனில் மூட்டை தூக்கப் போனேன். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டேன். மிளகாய் நெடியில் கண்ணும் மூக்கும் ஒழுகும். நாலு மாதத்தில் பழகிவிட்டது. வெற்றிலை அக்கா தீப்பெட்டிக்குப் போனார். அச்சங்குளத்துக்காரன் வேறு பயர் ஆபீஸில் சேர்ந்தான். மூத்தவருக்கு யாரும் வேலை தரவில்லை.

அவனை அதற்கப்புறம் ஒரே ஒரு முறை பார்த்தேன். விருதுநகர் ஸ்டேஷனில். என் முதுகில் மூட்டை இருந்தது. அவன் பேன்ட் போட்டிருந்தான். நரை தெரிந்தது. "மாப்ள" என்று கூப்பிட்டான். மூட்டையோடு நின்று பேச முடியாது. வேகனுக்குப் போய் இறக்கினேன். திரும்பி வந்தபோதும் அவன் அங்கேயே நின்றான். அடுத்த மூட்டைக்குக் குனிந்தேன். ரயில் வந்ததும் ஏறிப் போனான்.

என் மகள் பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் எழுத்துப் படித்தாள். அவள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் எழுத்து பிடிபட்டது. படிக்க வராது. கண்டுபிடிக்க வரும். அந்த நோட்டீஸை எடுத்து ஆஃப் எங்கெல்லாம் இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடினேன். இரண்டு இடம். ஒன்று மேலே. ஒன்று கீழே.

"இது என்னப்பா?" என்று கேட்டாள்.

"பழைய வேலை."

அது இன்னும் பெட்டியில் இருக்கிறது. மடித்த இடத்தில் மட்டும் கிழிந்திருக்கிறது. வரியை எண்ணத் தெரிந்தால் போதும், அதற்குப் படிப்பு வேண்டாம். அவன் கையெழுத்தைச் சேர்க்காமல் மொத்தம் பதினான்கு வரி. வேப்பமரத்தடியில் எங்களுக்குப் படித்தது ஐந்து.